என் கால் அளவில் ஒரு ஜோடி

எங்கள் வீட்டில் நான்கு ஆண்களுக்கு இரண்டு ஜோடி செருப்பு இருந்தது. வறுமை என்று நினைத்துவிட வேண்டாம். ஆம்பூரில் போய்த் தோலுக்குப் பஞ்சம் வருமா? என் பெரியப்பா தோல் பதனிடுகிற டானரியில் தோலைத் தரம் பிரிக்கிற வேலையில் இருந்தார். வருடத்துக்கு ஒரு முறை, கப்பலேற லாயக்கில்லாத தோல் ஒன்றை முதலாளி சாயபு அவரிடம் தூக்கிக் கொடுப்பார். அதில் வீட்டிலிருக்கும் எல்லோருக்கும் ஆளுக்கொரு ஜோடி தைத்து, மிச்சத்தில் நாய்க்குக் கழுத்துப்பட்டையும் போட்டிருக்கலாம். பெரியப்பா இரண்டே ஜோடி தைக்கச் சொல்வார். "நாலு பேரும் ஒரே நேரத்துல வெளிய போய்ட்டா வீட்ல யார் இருக்கறது?" என்பார். பெரியம்மா, அம்மா, நான் மூவரும் வீட்டில்தான் இருந்தோம் என்பது அவர் நினைவுக்கு வந்ததே இல்லை.

நான்கு ஆண்கள் என்றால் பெரியப்பா, அவருடைய மகனான என் அண்ணன், என் அப்பா, என் தம்பி. கிறிஸ்துமஸுக்கு முன்னால் செருப்பு தைப்பவர் ஒருவர் வீட்டுக்கு வருவார். தரையில் ஒரு தாளை விரித்து, பெரியப்பாவின் வலது காலை அதன்மேல் வைக்கச் சொல்லி, பென்சிலால் சுற்றி வரைந்துகொள்வார். அளவெடுப்பது அத்துடன் முடிந்தது. இடது காலுக்கு அதே தாளைத் திருப்பிப் போட்டுக்கொள்வார். பெரியப்பாவின் வலது கால்தான் எங்கள் குடும்பத்தின் கால். வாசலில் கிடக்கும் ஜோடியை யார் முதலில் வெளியே போகிறார்களோ அவர்கள் மாட்டிக்கொண்டு போகலாம். "செருப்பு வீட்டுக்குத்தான், காலுக்கு இல்ல" என்று பெரியப்பா சொல்வதை, ஏதோ வேத வசனத்தைக் கேட்பதுபோலப் பயபக்தியோடு கேட்டுக்கொள்வோம்.

பெரியப்பாவின் பாதம் முறம் மாதிரி இருக்கும். அப்பாவுக்கோ சின்னப் பாதம். அந்தச் செருப்பு கழன்று போகாமலிருக்க அவர் பெருவிரலை மடக்கி, வாரைக் கவ்விப் பிடித்துக்கொண்டு, காலைத் தூக்காமல் இழுத்து இழுத்து நடப்பார். அண்ணனும் அப்படித்தான். தம்பி குதிகாலுக்குப் பின்னால் தேங்காய் நாரை அடைத்துக்கொண்டு அப்படி நடந்தான். வருடக்கணக்காக நடந்ததில் அது பழகிப்போய், வெறுங்காலோடு போகும்போதும் மூவரும் இழுத்துத்தான் நடந்தார்கள். தெருக்காரர்கள், "இது அவுங்க வம்சத்து நடை. ரத்தத்துலயே வருது" என்று சொல்லுவார்கள். எங்கள் சபையின் போதகர்கூட ஒரு பிரசங்கத்தில், பிள்ளைகள் தகப்பனின் வழியில் நடப்பதற்கு உதாரணமாக எங்கள் வீட்டைக் காட்டினார். பெரியப்பாவுக்கு அதில் ரொம்பப் பெருமை.

சீப்பு ஒன்று, குடை ஒன்று, முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று, சோப்பு இருந்தால் ஒன்று. ராத்திரி ஜெபமும் ஒன்றுதான். பெரியப்பா எல்லோருக்குமாகச் சேர்த்து, "எங்க குறையெல்லாம் உமக்குத் தெரியும் ஆண்டவரே" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். சோறு ஆறுவதற்குள் ஆமென் வந்துவிடும். டானரியில் இதே மனிதர் ஒவ்வொரு ஆட்டுத்தோலையும் தனித்தனியாக வெளிச்சத்தில் பிடித்து, தடவி, மோந்து, இந்த ஆடு முள்வேலியில் உரசியது, இது உண்ணி கடித்தது என்று சொல்லுவார். வீட்டில் யாருக்குப் பல்வலி என்று கேட்டால் தெரியாது. வீட்டில் இருப்பதெல்லாம் அவருக்கு ஒரே கட்டு.

இந்தக் கட்டிலிருந்து என்னை உருவியது வேலூர். வாத்தியார் வேலைக்குப் படிக்க என்னை அங்கே ஹாஸ்டலில் சேர்த்தார்கள். போன அன்றே எனக்கென்று ஒரு கட்டில், ஒரு தட்டு, ஒரு துண்டு, பூட்டும் சாவியும் போட்ட ஒரு பெட்டி கொடுத்தார்கள். முதல் வாரம் எனக்குத் தூக்கமே வரவில்லை. தனியாகப் படுத்தால் யார்மேல் காலைப் போடுவது? பெட்டிக்குள் பூட்டி வைக்க என்னிடம் ஒன்றும் இல்லாததால் சும்மா காற்றைப் பூட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தேன். கொஞ்ச நாளில் பழகிவிட்டது. படிப்பு முடிவதற்குள் நான் நன்றாகக் கெட்டுப்போயிருந்தேன். என் தட்டில் வேறு ஒருத்தி சாப்பிட்டுவிட்டால் எனக்குப் பொத்துக்கொண்டு கோபம் வரும். அந்தக் கோபம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ஊருக்குத் திரும்பியதும் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் வேலை கிடைத்தது. வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை வழியெல்லாம் நெருஞ்சி முள். அதைத் தாண்டினால் கொதிக்கிற மணல். குதித்துக் குதித்துப் போய் வகுப்பில் நின்று, நேராக நிற்கும்படி பிள்ளைகளிடம் சொல்வேன். பெண்கள் செருப்புப் போடக் கூடாதென்று எங்கள் சபையில் எந்தச் சட்டமும் இல்லை. பள்ளிக்கூடத்து வெள்ளைக்காரத் துரைசானி முழங்கால் வரைக்கும் பூட்ஸ் போட்டுக்கொண்டுதான் கோயிலுக்கு வந்தாள். ஆனால் எங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி போட்டால் அதற்குத் திமிர் என்று பெயர். எனக்குத் திமிர் வேண்டியிருந்தது. யாரையும் கேட்காமல் செருப்பு தைப்பவர் வீட்டுக்கு நானே போனேன்.

"யாருக்கும்மா?" என்று கேட்டார்.

"எனக்கு."

"சரி. பெரியவரோட அளவு தாள் எங்கிட்டயே இருக்குது."

"அது வேணாம். என் கால் அளவு எடுங்க."

அவர் கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்துவிட்டார். "உங்க வீட்லயா? ஒருத்தர் காலுக்கு மட்டுமா?" என்று கேட்டுவிட்டு, உள்ளே திரும்பித் தன் மனைவியைக் கூப்பிட்டார். அவரும் வந்து நின்று என் காலைப் பார்த்தார். இரண்டு கால்களையும் தனித்தனியாக அளக்கும்படி சொன்னேன். வேலூர் ஹாஸ்டலில் இருந்த துரைசானி ஒருத்திக்கு அப்படி அளந்ததைப் பார்த்திருக்கிறேன். அளந்து பார்த்தபோது என் இடது கால் வலது காலைவிட ஒரு நெல்லளவு நீளமாக இருந்தது. அதுவரை எனக்கே தெரியாத சங்கதி. அன்று முழுக்க எதிரில் வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லவேண்டும் போல இருந்தது. இரண்டு மூன்று பேரிடம் சொல்லவும் செய்தேன்.

செருப்பு வந்தது. போட்டுப் பார்த்தேன். எந்த விரலையும் மடக்க வேண்டியிருக்கவில்லை. எதையும் இழுக்கவில்லை. நான் நடந்தால் அதுவும் நடந்தது. இவ்வளவுதானே நடப்பது, இதற்கா எங்கள் வம்சம் இத்தனை பாடுபட்டது என்று எனக்குச் சிரிப்பு வந்தது. வாசலில் அந்த இரண்டு பெரிய ஜோடிகளுக்குப் பக்கத்தில் அதையும் கழற்றி வைத்தேன்.

மறுநாள் காலை அதைக் காணவில்லை. பால் வாங்க அண்ணன் போட்டுக்கொண்டு போயிருந்தான். தெருமுனையில் விரல் சிக்கிக்கொண்டு, பால் செம்போடு ஒற்றைக்காலில் நின்றவனை இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்கும் மறுநாள் பெரியம்மா கோழிக்கூண்டு வரைக்கும் போட்டுக்கொண்டு போனார். அவருக்கு அது ஏறக்குறையப் பொருந்திவிட்டது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"என்னுது. யாரும் போடக் கூடாது" என்றேன். அப்படி ஒரு வாக்கியத்தை அந்த வீடு கேட்டதே கிடையாது. அம்மா பயந்துபோய்ப் பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா செருப்பைக் கையில் எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்தார். மோந்தார். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"தோல் நல்லாதான் இருக்குது. இன்னாத்துக்கு இவ்ளோ கம்மியா தெச்சுட்டான்?"

"என் கால் அவ்வளவுதான், பெரியப்பா."

"நாளைக்கு உன் தம்பி போடணும்னா?"

"போட வேணாம்."

"நீ தூங்கறப்ப இது இன்னா பண்ணும்?"

"சும்மா கெடக்கும்."

"சும்மா கெடக்குமா?" என்றார் பெரியப்பா. அவர் முகம் வாடிப்போய்விட்டது. ஒரு பொருள் வேலையில்லாமல் சும்மா கிடக்கும் என்ற எண்ணத்தையே அவரால் தாங்க முடியவில்லை. நியாயமான மனிதர்தான். ராத்திரி நேரத்தில் அதை வேறு எதற்காவது பயன்படுத்த முடியுமா என்று இரண்டு நாள் யோசித்தார் என்று பெரியம்மா பின்னால் சொன்னார்.

அதற்குள் வியாதி பரவிவிட்டது. தம்பி தனக்கென்று தனிச் சீப்பு வேண்டுமென்று அடம்பிடித்துச் சாப்பிடாமல் கிடந்தான். அவன் தலையில் சீப்பு போகிற அளவுக்குக்கூட முடி கிடையாது. பெரியம்மா தன் டம்ளருக்குச் சிவப்பு நூல் கட்டினார். அம்மாவும் சிவப்பு நூலே கட்ட, எது யாருடையது என்ற சண்டையில் இருவருக்கும் ஒரு வாரம் பேச்சுவார்த்தை நின்றுபோனது. அண்ணன் சோப்பு வாங்கி, கூரைச் செருகலில் ஒளித்து வைத்து, அதை எலி தின்றபோது என்னைச் சந்தேகப்பட்டான். வாயில்லாப் பூச்சியான என் அப்பாகூடப் பாயில் தன் பக்கத்துக்குக் கரிக்கட்டியால் ஒரு கோடு போட்டார்.

உச்சம் ஜெபத்தில் வந்தது. ஒரு ராத்திரி பெரியப்பா தன் ஒற்றை வரியைச் சொல்லி முடித்து ஆமென் என்று வாயெடுக்கையில் அண்ணன், "இருங்கப்பா, என்னுதை நானே சொல்லிக்கறேன்" என்றான். தன் சம்பளம், தன் முதுகுவலி, டானரியில் தனக்கு ஆகாதவன் ஒருவனின் அழிவு என்று விலாவாரியாகச் சொன்னான். அவன் முடித்ததும் தம்பி பட்டத்துக்கு மாஞ்சா நூல் கேட்டான். பெரியம்மா நூல் விஷயத்தில் என் அம்மாவை மன்னிக்கும்படி ஆண்டவரைக் கேட்டுக்கொள்ள, அம்மா தன் முறை வந்ததும் அதற்குப் பதில் கொடுத்தார். சோறு ஆறிக் கட்டிதட்டிப் போனது. அவரவர் முறை முடியும்வரை பெரியப்பா கண்ணை மூடியபடியே உட்கார்ந்திருந்தார்.

"எல்லாம் அந்தச் செருப்புலேர்ந்து வந்த பேஜாரு" என்றார் கடைசியில். "இதோட விட்டா அடுப்பு ரெண்டாகும். அப்புறம் வீடு ரெண்டாகும். உனக்குக் கல்யாணம் ஆகற வரைக்கும் போட்டுக்கோ. போற எடத்துக்கு அது வரக் கூடாது. யார் வீட்லயும் இத்த ஒத்துக்க மாட்டாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணம் என்றால் பயமில்லை. இரண்டு காலையும் அளந்து தைத்த அந்த ஒரு ஜோடியை விட்டுவிட்டுப் போனால், போகிற இடத்தில் நான் மறுபடியும் யாரோ ஒருவருடைய அளவில்தான் நடக்கவேண்டும் என்று தோன்றியது. சிரிக்கிற விஷயம்தான். அன்று நான் சிரிக்கவில்லை.

பங்குனி மாதத்தில் குடியாத்தத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். அவரும் அவருடைய அம்மாவும் தாய்மாமனும் வந்திருந்தார்கள். அன்று காலையே பெரியப்பா என்னைக் கூப்பிட்டு, "இன்னிக்கு ஒரு நாள் அது யார் கண்ணுலயும் படக் கூடாது" என்றார். நானும் சண்டை போடவில்லை. பின்கட்டில் பெரிய பானைக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தேன்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. மாப்பிள்ளையின் அம்மா என்னை ஒரு வசனம் சொல்லச் சொன்னார், ஒரு கீர்த்தனை பாடச் சொன்னார், முறுக்கு நான் சுட்டதுதானா என்று கேட்டார். அம்மா சுட்ட முறுக்கை நான் சுட்டதாகப் பெரியப்பாவே ஒப்புக்கொண்டார். மாப்பிள்ளை என்னைப் பார்த்ததைவிட முறுக்கைத்தான் அதிகம் பார்த்தார். பெரியப்பாவின் முகத்தில் அன்றுபோல வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. வீடு கலையாமல் நின்றுவிடும் என்று அவர் நம்ப ஆரம்பித்திருந்தார்.

இந்த அமர்க்களத்துக்கு நடுவில் பெரியம்மா கிணற்றடிக்குப் போயிருக்கிறார். வெயில். என் செருப்பின் ருசி கண்ட கால். பானைக்குப் பின்னாலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு போனவர், விருந்தாளிகள் கிளம்புகிற சத்தம் கேட்டு முன்பக்கமாக ஓடிவந்து, வாசலில் எல்லாச் செருப்புகளுக்கும் நடுவில் அழகாகக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மாப்பிள்ளையின் அம்மா வாசலில் நின்றுவிட்டார். "இது யாருது? பொம்பளங்க செருப்பு மாதிரி இருக்குதே?"

அப்பா வானத்தைப் பார்த்தார். அண்ணன் அப்பாவைப் பார்த்தான்.

"என்னுது" என்றார் பெரியப்பா.

அந்த அம்மாள் பெரியப்பாவின் கால்களைப் பார்த்தார். பிறகு செருப்பைப் பார்த்தார். "உங்களுதா?"

"ஆமா. தோல் புதுசு. போகப் போக இளகிடும்" என்று சொல்லிவிட்டு, அந்த முறங்கள் இரண்டையும் என் செருப்புக்குள் நுழைத்தார். விரல்கள் மட்டும் எப்படியோ உள்ளே போயின. பாதத்தில் பாதியும் குதிகாலும் வெளியே நின்றன. அப்படியே நிமிர்ந்து, "வாங்க, ஸ்டேஷன் வரைக்கும் வந்து வண்டி ஏத்திட்டு வர்றோம்" என்று முன்னால் நடந்தார். வீட்டுச் செருப்புகள் இரண்டு ஜோடியையும் அப்பாவும் அண்ணனும் மாட்டிக்கொண்டு, வம்சத்து நடையில் இழுத்தபடி பின்னால் போனார்கள்.

நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா நுனிக்காலில், திருடன் நடப்பதுபோல நடந்தார். எனக்கு வயிறெரிந்தது. ஆயுசில் ஒரு பொருளைக்கூடத் தன்னுடையது என்று சொல்லாத மனிதர், முதல் தடவையாக அந்த வார்த்தையைச் சொல்ல என் செருப்புத்தானா கிடைத்தது? வார் அறுந்துவிடும். அறுந்தால் இன்னொன்று தைக்க விடமாட்டார். வாயை மூடிக்கொண்டிருந்தால் கல்யாணம் நடக்கும், அந்தச் செருப்பும் என்றைக்கும் அவருடையதாகவே இருந்துவிடும். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெறுங்காலோடு தெருவில் ஓடினேன்.

ஸ்டேஷன் ரோட்டில் புளியமரங்கள் ஆரம்பிக்கிற இடத்தில் அவர்களைப் பிடித்தேன். மூச்சு வாங்கியது. "பெரியப்பா, கழட்டுங்க. அது என்னுது" என்றேன்.

எல்லோரும் நின்றார்கள். பெரியப்பா எனக்குக் கண் காட்டினார். "இல்லம்மா, என்னுது. நீ வீட்டுக்குப் போ."

"இல்ல, என்னுது."

"என்னுதுதான், சொன்னாக் கேளு."

"என் காலுக்கு அளவெடுத்துத் தெச்சது."

நடுரோட்டில் நாங்கள் இருவரும் என்னுது, என்னுது என்று மல்லுக்கு நின்றோம். சின்னக் குழந்தைகள்கூட அப்படிச் சண்டை போடாது. மாப்பிள்ளையின் அம்மா என் வெறுங்காலை ஒரு தரம் பார்த்தார், பெரியப்பாவின் வெளியே நிற்கும் குதிகாலை ஒரு தரம் பார்த்தார். தாய்மாமன் வண்டிக்கு நேரமாகிவிட்டது என்றார். மாப்பிள்ளை அப்போதுதான் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். பார்த்துவிட்டுத் தன் அம்மாவின் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"நாங்க யோசிச்சுச் சொல்றோம்" என்றார் அந்த அம்மாள். அப்படியென்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும். மூவரும் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள்.

பெரியப்பா செருப்பைக் கழற்றப் பார்த்தார். கழலவே இல்லை, நான் குனிந்து இழுத்து எடுத்தேன். விரல்களெல்லாம் சிவந்து, இரண்டு இடத்தில் தோல் உரிந்திருந்தது. அப்பா சட்டென்று தன் காலில் இருந்ததைக் கழற்றி, "அண்ணா, இத்தப் போட்டுக்கங்க" என்று தள்ளினார். பெரியப்பா வேண்டாமென்று கை காட்டினார். "நீங்க ரெண்டு பேரும் போய் வண்டி ஏத்திட்டு வாங்க. வந்தவங்கள வழியில விட்டுட்டு வர்றதா?" அப்பாவும் அண்ணனும் இழுத்து இழுத்து அவர்கள் பின்னால் ஓடினார்கள்.

திட்டுவார் என்று நின்றேன். அவர் என் செருப்பைக் கையில் வாங்கி, வாரை இழுத்துப் பார்த்தார். "அறுந்து போவும்னு நெனச்சேன். அறுந்து போவல. நல்ல தோல்" என்றார். பிறகு என் காலடியில் போட்டு, "போட்டுக்கோ. மணல் கொதிக்குது" என்றார்.

போட்டுக்கொண்டேன். அவருடைய காலின் சூடு அதில் இன்னும் இருந்தது. அவர் வெறுங்காலோடு நடந்தார். உரிந்த விரல் மணலில் பட்டபோது பல்லைக் கடித்துக்கொண்டார். ஒரு புளியமர நிழலிலிருந்து அடுத்த நிழலுக்கு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குதித்து ஓடினார். அங்கே நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, அதற்கடுத்த நிழல் எங்கே என்று தேடினார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவர்மேல் எனக்கு அவ்வளவு பிரியம் உண்டென்று அந்த ரோட்டில்தான் தெரிந்தது.

"பெரியப்பா, நீங்க இத்தப் போட்டு…" என்று ஆரம்பித்தேன். முடிப்பதற்குள் நான் சொல்வது எனக்கே புரிந்துவிட்டது. அப்பாவால் கொடுக்க முடிந்தது. அண்ணனாலும் முடிந்திருக்கும். என்னால்தான் முடியாது. கெஞ்சிக் கொடுத்தாலும் அந்தச் செருப்பு அவருக்கு உதவாது.

"இன்னா சொன்ன?" என்று அடுத்த மரத்தடியிலிருந்து கேட்டார்.

"ஒண்ணுமில்ல, பெரியப்பா. மெதுவா போங்க" என்று சொல்லிவிட்டு, எனக்குக் கச்சிதமாகப் பொருந்திய செருப்போடு அவர் பின்னால் நடந்தேன்.